ஒரு வரி இறங்கிய எண்கள்

மூன்றாம் அட்டவணையில் எண்கள் ஒரு வரி கீழே இறங்கிவிட்டன. பெயர்கள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. நேற்று அதற்குச் சம்மதம் கொடுத்து அனுப்பியவன் நான். இன்று பதிப்பகத்தில் கட்டுரையின் அச்சுப்படியைப் பூட்டிவிட்டார்கள். இவ்வளவுதான் விஷயம். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மண்டை விடுகிறதா. காலையில் காப்பியோடு உட்கார்ந்து அச்சுப்படியைத் திறந்தேன், சும்மா, அழகு பார்க்கத்தான். அழகாகத்தான் இருந்தது. மேலே ஒரு கோடு, தலைப்புக்குக் கீழே ஒரு கோடு, அடியில் ஒரு கோடு. நெடுக்கில் கோடே கிடையாது. தசமப் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நூல் பிடித்த மாதிரி. ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே அடைப்புக்குறிக்குள் அதன் பிழையளவு. நம்பத் தகுந்த எண்ணுக்குத் தோளில் நட்சத்திரம். நாற்பது வருஷம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு இதுகூடத் தெரியாமலா. 'உப்பு வாருபவர்கள்' என்ற வரியில் கண் போயிற்று. பூச்சியம் புள்ளி பூச்சியம் நான்கு. நட்சத்திரம் இல்லை. அதாவது உப்பளத்தில் உப்பு வாருகிறவர்களுக்குச் சிறுநீரகத்தில் ஒரு கேடும் இல்லை. அடுத்த வரி, 'உப்பு சுமப்பவர்கள்'. மைனஸ் பதினொன்று, மூன்று நட்சத்திரம். அதாவது இவர்களுக்குத்தான் சிறுநீரகம் அவ்வளவு கெட்டிருக்கிறது. காப்பியைக் கீழே வைத்தேன். அந்த மைனஸ் பதினொன்றை எனக்குத் தெரியும். அதோடு வருஷக்கணக்கில் குடியிருந்திருக்கிறேன். அது சுமப்பவர்களுடையது இல்லை. வாருபவர்களுடையது. ஒரு படி இறங்கி அடுத்தவன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே சுமப்பவர்களுடைய எண், மூட்டை கட்டுபவர்கள் பெயரில். மூட்டை கட்டுபவர்களுடையது, லாரி ஏற்றுபவர்கள் பெயரில். எல்லாமே சரியான எண்கள். ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் மோசம். எண் தப்பென்றால் கூட்டிக் கழித்துப் பிடித்துவிடலாம். இதை எப்படிப் பிடிப்பது.

எப்படி நடந்தது என்று தெரியும். தெரிந்து என்ன. கட்டுரையைப் பரிசீலித்த ஆள், யாரோ, பெயர் சொல்ல மாட்டார்கள், 'இவர்கள் நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்' என்று எழுதியிருந்தார். நல்ல கேள்விதான். சேர்த்தேன். கணக்குக்குள் அது வேலைப் பிரிவுகளுக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. அட்டவணை போடுகிற மென்பொருளுக்குப் பெயர்களை நான் வரிசையாகக் கொடுத்து வைத்திருந்தேன். வயது, பாலினம், வாருபவர், சுமப்பவர் என்று, பள்ளிக்கூட வருகைப் பதிவு மாதிரி. புதிதாக வந்த தண்ணீருக்குப் பெயர் கொடுக்கவில்லை. அந்தக் கழுதை கேட்டதா, ஒரு பெயர் குறைகிறதே என்று. கேட்காது. முதல் பெயரை முதல் எண்ணுக்கு மாட்டும், அடுத்ததை அடுத்ததற்கு. தண்ணீருடைய எண்ணுக்கு வாருபவர் பெயரை மாட்டிவிட்டது. கடைசியில் ஒரு எண் பெயரில்லாமல் தொங்கியது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இயந்திரத்தின் ஏதோ சங்கேத எழுத்து. அதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதுதான். 'என்ன குப்பை இது' என்று அந்த வரியை என் கையாலேயே அழித்தேன். லாரி ஏற்றுபவர்களின் உண்மையான எண் அது. அழித்துவிட்டு, ஓரம் சரி செய்து, மூன்று தசமத்தை இரண்டாக்கி, அடிக்குறிப்பைச் சாய்வெழுத்தாக்கி, அழகு பார்த்தேன். அழகு. செருப்பால் அடிக்க வேண்டும். முன்பெல்லாம் இப்படியா. கணிப்பொறித் தாளிலிருந்து பென்சிலால் நானே எடுத்தெழுதுவேன். ஸ்கேல் வைத்துக் கோடு. பிறகு என் வீட்டுக்காரி தாளைப் பார்த்துப் பெயரையும் எண்ணையும் சேர்த்து வாசிப்பாள், நான் அட்டவணையில் டிக் அடிப்பேன். பைத்தியக்கார வேலை என்று அவளே சிரிப்பாள். இரண்டு பேர் பார்த்தால் இரண்டு பேருமா ஒரே இடத்தில் தூங்குவோம். மென்பொருள் வந்த பிறகு வாசிப்பு எதற்கு என்று விட்டாயிற்று. எந்திரம் எழுதினதை யார் வாசிப்பார்கள். "என்ன செய்யுதிய இன்னும், சோறு ஆறிக் கல்லாகுது" என்று வாசலில் அவள். வேண்டாம் என்றேன். "வேண்டாம்னா யார் மேல கோவம்?" யார் மேலும் இல்லை. "அப்ப சோத்து மேலயா?" போ என்றேன். போகவில்லை. மோர் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, பூட்டிவிட்டோம் என்று பதிப்பகம் அனுப்பிய கடிதம் நின்ற திரையைக் குனிந்து பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் என்ன தெரியும் அவளுக்கு. "எதுல தப்பு?" உனக்குப் புரியாது. "புரியாட்டி போகுது, சொல்லுங்க." ஆள் ஒரு வரி இறங்கிட்டு, பேர் அங்கேயே நிக்குது, நாளைக்கு வெளியிடுதான், இனி மாத்த முடியாது. "அவன் ஆபீஸ் எங்க இருக்கு?" லண்டன்ல. "ஓகோ" என்றாள். நின்றாள். திரையின் அடியில் எதையோ விரலால் தடவினாள். கை படுது பாரு கண்ணாடியில, என்று கத்தினேன்.

தூத்துக்குடி உப்பளம் மத்தியானத்தில் எப்படி இருக்கும் என்று ஒருவனுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. மேலே வெயில், உப்பில் பட்டுக் கீழேயும் வெயில். பாத்திக்குள் இறங்கி நின்று நீளப் பலகையால் உப்பை வாரி வரப்புக்கு இழுக்கிறார்கள். சுமப்பவருக்கு நடை உண்டு, நடையில் கொஞ்சம் காற்று உண்டு. மூட்டை கட்டுபவருக்குக் கொட்டகை உண்டு. வாருகிறவருக்கு ஒன்றும் கிடையாது. ஒதுங்க மறைவில்லை என்று பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டுமே. இந்தக் கதையை எனக்குச் சொன்னது டாக்டர் ஜெசிந்தா மோத்தா. சிறுநீரக டாக்டர். கட்டுரை அவளுடையதும் என்னுடையதும். ரத்தம் எடுத்தது அவள், கணக்கு போட்டது நான். ஊசிக்கு வரிசையில் நின்றார்களே, அன்றைக்கு நானும் போயிருந்தேன், நிழலுக்கு ஜீப்புக்குள் உட்கார்ந்துகொண்டு. சந்தனமாரி என்று ஒருத்தி. வாருகிறவள். கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு ஜீப் ஜன்னல் பக்கம் வந்து, "சார், இதுல எங்க பேரு வருமா?" என்றாள். பேர் வராது, வேலையோட பேர்தான் வரும் என்றேன். யோசித்தாள். "வாருறவங்கன்னு வருமா?" வரும். "அது போதும் சார். ஆளுக்கொரு பேர வச்சு என்ன செய்ய." பக்கத்தில் நின்றவள், "ஏ, சாரு ஒன் பேர லண்டன்ல போடப் போறாவளாம், போட்டாவுக்குப் பவுடர் போட்டியா" என்று கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். உப்பு வெடித்த உதடு, சிரித்தால் ரத்தம் வரும், கையால் மூடிக்கொண்டு சிரிப்பார்கள். வாருறவங்கன்னு வரும் என்று சொன்னேனே. வந்திருக்கிறது. பூச்சியம் புள்ளி பூச்சியம் நான்கு.

அரசாங்கத்தில் குழு ஒன்று போட்டிருக்கிறார்கள். எந்த வேலைக்காரர்களுக்கு நிழற்கொட்டகை, கழிப்பிடம், வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை என்று அது முடிவு செய்யும். எல்லோருக்கும் என்றால் காசில்லையாம். யாருக்குக் கேடு என்று கட்டுரை சொல்கிறதோ அவர்களுக்கு. அச்சில் வந்ததை மட்டும்தான் எடுத்துக்கொள்வோம் என்று எழுத்து மூலமாகச் சொல்லிவிட்டார்கள். உப்பள முதலாளிகளின் வக்கீல் குழுவில் தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறாராம். நாளைக்கு இது வெளியாகும். அவர் மூன்றாம் அட்டவணையைத் திறப்பார். வாருபவர்களுக்கு ஒன்றுமில்லை என்று அவர்கள் டாக்டரே எழுதியிருக்கிறார் பாருங்கள் என்பார். அப்புறம் நான் ஓடிப்போய், ஐயா, அது கைப்பிழை, திருத்தம் வரும் என்றால்? எப்போது வரும்? ஆறு மாதம், ஒரு வருஷம். வரட்டும். முதலில் ஒரு மாதிரி, பிறகு ஒரு மாதிரி, எதை நம்புவது என்பார். நானே அந்த வக்கீலாக இருந்தால் அதைத்தான் சொல்வேன். பிறகு கட்டுரையையே தூக்கி மூலையில் போடலாம். மற்ற அட்டவணைகளும் சந்தேகம்தான். என்னுடைய எண் எல்லாமே சந்தேகம்தான். ஒரு தடவை சந்தேகம் வந்தால் எண் எண்ணாக இருக்காது.

ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன். நர்ஸ் எடுத்தது. "டாக்டர் டயாலிசிஸ் வார்டுல இருக்காங்க சார், அவசரமா?" அவசரம் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன். வாய் அப்படிச் சொல்லிற்று. அட்டவணை என் வேலை, நீ ரத்தத்தைப் பார் என்று அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை கேட்டாள், "சார், நானும் ஒரு கண்ணு பார்க்கட்டுமா?" பார்த்து என்ன செய்யப் போகிறாய் என்றேன். இப்போது என்னவென்று சொல்ல. பதிப்பகத்துக்கு எழுதினேன். எழுதின கையோடு பதில் வந்தது, தானாக வருகிற பதில். உங்கள் கடிதம் எங்களுக்கு முக்கியமானது. நல்லது. இன்னொன்று எழுதினேன். அதே பதில். மூன்றாவதும் எழுதினேன், அதற்கும் முக்கியமானதுதான். அச்சுப்படித் தளத்துக்குள் போனால் என் பெயர், கட்டுரை தலைப்பு, பச்சை நிறத்தில் ஒரு சரி குறி. சம்மதம் பெறப்பட்டது. அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்கக் கண் கூசுகிறது. திறக்க வழியில்லை. அடுத்த அறையில் அவள் யாரிடமோ போன் பேசிக்கொண்டே இருக்கிறாள். வாழ்நாள் முழுக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டவள். ஓய்வு பெற்றும் அந்தக் குரல் போகவில்லை. சின்னக் குரல், ஆனால் சுவர் தாண்டும். "லைன்ல இருக்கேன்மா." "இல்ல, வைக்க மாட்டேன், நீங்க கேட்டுட்டு வாங்க." கடையம் ஊரில் இருக்கிற அவள் தங்கையாக இருக்கும். இல்லையென்றால் கேஸ் சிலிண்டர்காரன். இங்கே ஒருவனுக்கு உயிர் போகிறது, அங்கே சிலிண்டர். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக்கென்கிறது. அதையும் சரி பார்க்க வேண்டும். எதைத்தான் நான் சரி பார்த்தேன்.

பார்த்தேனே. அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தானே அழித்தேன். அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. பார்க்காமல் விட்டால் அசதி. பார்த்து அழித்தால் அது என்ன. அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. கோமதிநாயகம் அண்ணன். பாங்கில் மேனேஜர், ஊரில் எந்த வீட்டு நம்பரும் அத்துப்படி. ஒரு நாள் மதினியை 'அம்மா' என்று கூப்பிட்டான். சிரித்தோம். பிறகு மகளை மதினி பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பேத்தியை மகள் பெயர் சொல்லி. ஆளைத் தெரியும் அவனுக்கு. யார் தனக்கு என்ன வேண்டும், யாருக்கு வெந்நீர் பிடிக்கும், யார் கோபக்காரி, எல்லாம் தெரியும். பெயர்கள் பழைய வரிசையிலேயே நின்றன. ஆட்கள் ஒரு வரி இறங்கிவிட்டார்கள். அம்மா செத்தாள், மதினி அந்த இடத்துக்கு வந்தாள், அண்ணன் தலைக்குள் இருந்த பட்டியலில் அதற்குப் பெயர் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். என்ன இது, அண்ணனை மென்பொருளாக்குகிறேன். இல்லை. அதுதான். அச்சு அசல் அதுதான். கடைசியில் பேத்திக்குப் பிறந்த பிள்ளைக்கு மட்டும் பெயரே கிடைக்கவில்லை அவனுக்கு. யாரிது, யாரிது என்று அதைக் கண்டாலே பயந்தான். தூக்கிட்டுப் போங்க என்றான். நானும் ஒரு வரியைக் குப்பை என்று தூக்கிப் போட்டேன். அண்ணனுக்கு அப்போது என்ன வயது? என் வயதுதான். இப்போதைய என்னை விடச் சின்னவன் என்றுகூடச் சொல்லலாம். போன வாரம் காய்கறிக்காரனைப் பழைய காய்கறிக்காரன் பெயர் சொல்லிக் கூப்பிட்டேனா? கூப்பிட்டேன். அது வேறு. எல்லோரும் கூப்பிடுவதுதான். ஜெசிந்தாவை ஒரு தடவை என் மகள் பெயரில்... இல்லை. அப்படி நடக்கவில்லை. நடந்ததா? அவள் திருத்தாமல் விட்டிருப்பாள். எல்லோரும் அப்படித்தான் அண்ணனைத் திருத்தாமல் விட்டார்கள், மரியாதைக்கு. மரியாதை எப்போது ஆரம்பித்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும். மோரைக் குடித்தேன். புளித்திருந்தது. நாக்காவது சரியாக இருக்கிறது.

சரி, அட்டவணையையாவது திருத்துவோம் என்று உட்கார்ந்தேன். எதற்கு என்று கேட்க ஆளில்லை. பட்டியலில் பெயர் கொடுக்கும் இடத்துக்குப் போனேன். வரிசையாகக் கொடுக்கிற வேலையே வேண்டாம் என்று ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் பெயரைத் தனித்தனியாகக் கட்டினேன். இதற்கு இது, இதற்கு இது. யார் நடுவில் வந்து உட்கார்ந்தாலும் கயிறு அறாது. முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம். தெரியாதா, தெரியும். நேரமாகும் என்று செய்யவில்லை. எனக்கென்ன நேரத்துக்குப் பஞ்சமா, ஓய்வு பெற்ற கிழவனுக்கு. கட்டளையைத் தட்டினேன். கண் இமைப்பதற்குள் வந்து நின்றது. தண்ணீர், பூச்சியம் புள்ளி பூச்சியம் நான்கு. வாருபவர்கள், மைனஸ் பதினொன்று, மூன்று நட்சத்திரம். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். அச்சுக்குப் போக எல்லாத் தகுதியும் உள்ள அட்டவணை. போக இடமில்லை. அப்படியே அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே மூன்று கோடு, அதே அழகு. தப்பான அட்டவணைக்கும் இதற்கும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. கிட்டத்தில் பார்த்தாலும் இல்லை. சந்தனமாரிக்கு மட்டும்தான் வித்தியாசம். அவள் இதைப் பார்க்கப் போவதில்லை. கொட்டகை வந்தால் நிழல், வராவிட்டால் வெயில், அவ்வளவு தெரியும் அவளுக்கு. வக்கீலுடைய ஆசாமி எவனாவது போய்ச் சொல்லுவான், உங்க சாருதான் எழுதிட்டாரு, உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு. அவள் நம்பிவிடுவாள். சார் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்பாள். கணிப்பொறியை அணைக்கப் போனேன். ஜெசிந்தாவுக்குச் சொல்ல வேண்டும். இதோடு என்னை விட்டுவிடு, அட்டவணை போட வேறு ஆளைப் பார், எனக்கு ஆரம்பித்துவிட்டது என்று. அதை எப்படி ஆரம்பிப்பது.

"இந்தாங்க, பேசுங்க. பிள்ள லைன்ல இருக்கா." அவள் போனை நீட்டிக்கொண்டு நின்றாள். எந்தப் பிள்ளை. "உங்க லண்டன்." என்ன லண்டன். "அம்பத்தூர்ல இருக்கு உங்க லண்டன். அந்தக் கடுதாசி அடியில நம்பர் போட்டிருக்கு, நீங்க பாக்கல. எடுக்க மாட்டேங்கான், எடுத்தா அடுத்தவன்ட்ட மாத்தி விடுதான். நான் விடுவனா. பேசுங்க, அவ வீட்டுக்குப் போகணும்." போனை வாங்கினேன். காது சுட்டது, அவ்வளவு நேரம் பேசியிருக்கிறாள். "சார் வணக்கம், நான் நிவேதிதா, ப்ரொடக்‌ஷன்ல இருக்கேன்" என்றது ஒரு பெண் குரல். "அம்மா மத்தியானத்துலேர்ந்து எங்க ஆபீஸ்ல ஒருத்தரையும் விடல சார். ரிசப்ஷன், அக்கவுண்ட்ஸ், கேண்டீன் வரைக்கும் பேசிட்டாங்க. எங்க மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, முதல்ல அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லுன்னுட்டார்." பிறகுதான் விஷயத்துக்கு வந்தது. ஃபைல் இன்னும் லண்டனுக்குப் போகவில்லையாம். ராத்திரிதான் போகுமாம். "திறந்து விட்டுட்டேன் சார். மூணாவது டேபிள்ல ஆள் ஒரு வரி இறங்கிட்டுன்னு அம்மா சொன்னாங்க. எங்களுக்கு முதல்ல புரியல. ரெண்டாவது தடவ புரிஞ்சுது. புதுசை ஏத்துங்க, நான் லைன்லயே இருக்கேன்." பச்சைக் குறி போயிருந்தது. ஏற்றினேன். விரல் இரண்டு தடவை தப்பான இடத்தில் பட்டது. அவள் பக்கத்திலேயே நின்றாள், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு. "வந்துருச்சு சார்" என்றது நிவேதிதா. "வாருபவர்கள், மைனஸ் பதினொன்னு. சரிதானே?" சரி. "அதுக்கு மேல தண்ணின்னு ஒரு வரி புதுசா வந்திருக்கு. சரிதானே?" சரி. சரிம்மா. "ஒண்ணே ஒண்ணு சார். யார் கேட்டு ப்ரூஃபைத் திரும்பத் திறந்தோம்னு இதுல பதியணும். உங்க பேர் போடலாம், ஆனா அம்மாதான கேட்டாங்க. அம்மா பேர் சொல்லுங்க." கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏய் என்பேன், இந்தா என்பேன், அதற்கே வருவாள். வாய் திறந்தேன். என் அம்மா, இவள், என் மகள். மூன்று பெயரும் தொண்டையில் வந்து வரிசையாக நின்றன. வெளியே விடப் பயமாக இருந்தது. "சார், லைன்ல இருக்கீங்களா?" இருக்கிறேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்துக் கொடுக்கவில்லை. முகத்தைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். விரல் வைத்துப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னேன்.

உலகம்மாள்.